ரன்னிங் பேக் சம்பளத் தகராறும் ஃபேண்டஸி டிராஃப்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அலுவலகங்களில் ஆகஸ்ட் பிறந்தால் ஃபேண்டஸி ஃபுட்பால் பேச்சு தொடங்கிவிடும். என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் நிஜ வீரர்களை டிராஃப்ட் என்ற தேர்வில் முறைவைத்து எடுத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்குப் புள்ளி போட்டு நண்பர்கள் தங்களுக்குள் மோதும் ஆட்டம் அது. புதிதாக லீக்கில் சேர்ந்த நம்மவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். நட்சத்திர ரன்னிங் பேக் ஒருவர் சம்பளத் தகராறில் பயிற்சி முகாமுக்கு வராமல் இருந்தால் கேள்விகள் இரட்டிப்பாகும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். பதில்களில் அடிக்கடி வருவது 2018இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியோடு லெவியான் பெல் நடத்திய போராட்டம். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ரன்னிங் பேக்னா யாரு? ஃபேண்டஸில அவருக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கையில் தரும் பந்தை வாங்கிக்கொண்டு எதிரணித் தடுப்பாளர்களுக்கு நடுவே புகுந்து ஓடுபவர் ரன்னிங் பேக். நல்லவராக இருந்தால், எறியும் பந்தையும் பிடிப்பார். ஃபேண்டஸியில் வழக்கமான கணக்கு 10 யார்டுக்கு 1 புள்ளி, எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு கடக்கும் டச்டவுனுக்கு 6 புள்ளி. பி.பி.ஆர். வகை லீக்கில் பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் இன்னொரு புள்ளி சேரும்.

பெல்லின் 2017 கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓடி எடுத்தது 1,291 யார்டு. 85 பந்துகளைப் பிடித்து எடுத்தது 655 யார்டு. மொத்தம் 11 டச்டவுன். பந்தைத் தவறவிட்டதற்கான கழிவு போக மீதி என்று பார்க்காமல் கூட்டினால், பி.பி.ஆர். லீக்கில் ஏறத்தாழ 345 புள்ளி. ஓட்டத்தையும் பிடிப்பையும் இப்படி ஒரே ஆளிடம் ஒப்படைக்கும் என்.எஃப்.எல். அணிகள் 32இல் சிலவே. 12 பேர் லீக்கில் வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு ரன்னிங் பேக் என்றால் 24 பேர் தேவை. கிராக்கி அங்கேதான் பிறக்கிறது.

டிராஃப்ட்ல கிரிக்கெட் ஃபேண்டஸி ஆப் மாதிரி எல்லாரும் ஒரே ஆளை எடுக்கலாமா?

முடியாது. ஒரு வீரர் உங்கள் லீக்கில் ஒருவருக்குத்தான் சொந்தம், அதுவும் சீசன் முழுவதும். பெரும்பாலான லீக்குகளில் முதல் சுற்று 1 முதல் 12 வரை போய், இரண்டாம் சுற்று 12இலிருந்து 1க்குத் திரும்பி வரும். இரண்டாம் இடத்தில் இருப்பவர் முதல் சுற்றில் எடுத்த ஆள் ஒரு ஆட்டம்கூட ஆடாவிட்டால், அவருடைய அடுத்த வாய்ப்பு 23ஆவது இடத்தில்தான். அதற்குள் அந்த அளவு ஆட்டக்காரர்கள் எல்லாரும் போயிருப்பார்கள்.

ஃபிரான்சைஸ் டேக், ஃபிரான்சைஸ் டேக்னு சொல்றாங்களே, அது என்ன?

ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணிக்குப் போய்விடாமல், ஓராண்டுக்குப் பிடித்து வைத்துக்கொள்ள அணிக்கு உள்ள உரிமை. ஓர் அணி ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் இதைப் பயன்படுத்தலாம். தொகையை அதே இடத்தில் ஆடுபவர்களில் அதிகம் வாங்கும் ஐவரின் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். அடுத்த ஆண்டும் அதே வீரருக்கு டேக் போட்டால் முந்தைய சம்பளத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பெல்லுக்கு 2017இல் 1.212 கோடி டாலர், 2018இல் 1.4544 கோடி டாலர் என்று ஏறியது இந்த விதியால்தான்.

இதில் ஒரு கெடுவைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். டேக் போட்ட வீரரோடு நீண்டகால ஒப்பந்தம் பேச ஜூலை நடுவரைதான் அவகாசம். அந்த நாள் தாண்டிவிட்டால் சீசன் முடியும்வரை ஓராண்டு ஒப்பந்தத்துக்கு மேல் யாரும் எதுவும் செய்ய முடியாது. 2018இல் அந்த நாள் ஜூலை 16. உடன்பாடு வரவில்லை.

ஒப்பந்தம் இருக்கும்போது ஆட வரமாட்டேன்னு எப்படிச் சொல்ல முடியும்?

இங்கே இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். இருவரையும் செய்தித்தாள்கள் ஒரே சொல்லால் ‘ஹோல்ட் அவுட்’ என்று எழுதுவதால்தான் குழப்பம். முதல் வகையினர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள். அந்தச் சம்பளம் போதாது, புதிதாக எழுது என்று கேட்டு முகாமுக்கு வராமல் இருப்பவர்கள். இவர்களுக்கு அபராதம் உண்டு. 2020இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தத்தில் அது நாளொன்றுக்கு 50,000 டாலர் என ஏறியது. முதல் ஒப்பந்தத்தைக் கடந்த வீரர் என்றால் அணியே நினைத்தாலும் தள்ளுபடி செய்ய முடியாது. அதனால் இப்போது பலர் முகாமுக்கு வந்து, வருகைப் பதிவு செய்துவிட்டுப் பயிற்சியில் மட்டும் இறங்காமல் நிற்கிறார்கள்.

இரண்டாம் வகை டேக் வாங்கி, அதில் இன்னும் கையெழுத்துப் போடாதவர். அவருக்கும் அணிக்கும் நடுவே ஒப்பந்தமே இல்லாததால் முகாமுக்கு வராததற்கு அபராதமும் இல்லை. பெல் இந்த வகை. டிராஃப்டுக்கு முன் ஒரே ஒரு விஷயம் விசாரிக்க நேரம் இருக்கிறது என்றால், இவர் எந்த வகை என்பதை விசாரியுங்கள். தொகையெல்லாம் பிறகு.

ஒரு வருஷத்துக்கு 1.45 கோடி டாலர் குடுக்கறாங்க. அதையும் வேண்டாம்னா பேராசை இல்லையா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பேராசை என்று நான் நினைக்கவில்லை. கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் என்.எஃப்.எல்.லின் நிஜ டிராஃப்டில், பெல் 2013இல் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். அந்த முதல் நான்காண்டு ஒப்பந்தத்தில் சம்பளம் முன்கூட்டியே கட்டுப்படுத்தப்பட்டது. என்.எஃப்.எல்.லில் ரன்னிங் பேக்கின் உடல் உச்சத்தில் இருப்பதும் பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான். 2015 நவம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து அந்த சீசனை இழந்தார். மீண்டு வந்தவர் மேல் 2017இல் ஏற்றிய சுமை 321 ஓட்டம், அதாவது அத்தனை முறை பந்தோடு ஓடினார். அந்த ஆண்டு என்.எஃப்.எல்.லிலேயே அதிகம். பிடித்த 85 பந்துகளையும் சேர்த்தால் 406 முறை பந்தோடு அடி வாங்கியிருக்கிறார். மூன்றாம் ஆண்டில் முழங்கால் போனால் யார் பொறுப்பு என்பதுதான் அவர் கேட்டது. ஓராண்டுச் சம்பளம் அதற்குப் பதில் சொல்லாது. உறுதிசெய்யப்பட்ட நீண்டகாலத் தொகைதான் சொல்லும்.

அவர் பயந்தது வெறும் கற்பனை இல்லை. அதே 2018இல் சியாட்டில் அணியின் எர்ல் தாமஸ் புதிய ஒப்பந்தம் கேட்டு முகாமைப் புறக்கணித்தார். சீசன் தொடங்கும் தறுவாயில் மனமிறங்கி வந்தார். நான்காவது வாரத்தில் கால் முறிந்து, களத்தைவிட்டு வண்டியில் கொண்டுபோகப்பட்டார்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ரன்னிங் பேக் டேக் 2017இல் 1.212 கோடி டாலர், 2023இல் 1.0091 கோடி. அதே இடைவெளியில் ஓர் அணி செலவிடலாம் என்ற உச்சவரம்பு 16.7 கோடியிலிருந்து 22.48 கோடியாக உயர்ந்தது. மொத்தப் பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியபோது, அதிக அடி வாங்கும் ஆட்களின் விலை மட்டும் இறங்கியிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரியிலிருந்து மலிவான இளம் ரன்னிங் பேக்குகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆட்டமும் பந்தை எறிவதை நோக்கி நகர்ந்துவிட்டது. 2023 ஜூலையில் முன்னணி ரன்னிங் பேக்குகள் இணையவழிக் கூட்டம் போட்டு இதைப் பற்றிப் பேசும் நிலை வந்தது.

சரி, 2018ல நிஜமா என்னதான் நடந்துச்சு?

ஆகஸ்டில் ஃபேண்டஸி தரவரிசைகளில் பெல்லுக்கு முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் ஓரிடம். ராம்ஸ் அணியின் ரன்னிங் பேக் டாட் கர்லிக்கு அடுத்து இவர் என்பது பொதுவான கருத்து. 2017இலும் முகாமுக்கு வராமல் இருந்து, செப்டம்பர் தொடக்கத்தில் கையெழுத்துப் போட்டு, முதல் ஆட்டத்திலிருந்தே ஆடினார் என்பதால் இந்த முறையும் அதையே எதிர்பார்த்தார்கள். வரவில்லை. ஆடாத ஒவ்வொரு வாரமும் அவர் இழந்தது 8,55,000 டாலருக்குச் சற்று மேல். தடுப்பாளர்களை முட்டி ஓடுபவருக்கு வழி திறக்கும், அணியின் முன்வரிசை ஆட்டக்காரர்களே ஊடகங்களிடம் வெளிப்படையாகக் கோபப்பட்டார்கள். ஏழாவது வாரத்தில் வருவார் என்று ஒரு செய்தி, பிறகு இன்னொரு வாரம் என்று இன்னொரு செய்தி. நவம்பர் 13 மாலை 4 மணிக்குள் கையெழுத்திடாவிட்டால் அந்த சீசனில் ஆட முடியாது என்பது விதி. அந்த நேரமும் கடந்தது. பெல் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

அவர் இடத்தில் இறங்கியவர் ஜேம்ஸ் கானர். கல்லூரிக் காலத்தில் ஹாட்கின் லிம்ஃபோமா புற்றுநோயிலிருந்து மீண்டவர், ஸ்டீலர்ஸ் 2017இல் மூன்றாம் சுற்றில் எடுத்தவர். கிளீவ்லாந்துக்கு எதிராக 21-21 என்று சமனில் முடிந்த முதல் ஆட்டத்திலேயே 31 ஓட்டங்களில் 135 யார்டு, 2 டச்டவுன். 13 ஆட்டங்களில் 973 யார்டு ஓடி, 55 பந்துகளைப் பிடித்து, 13 டச்டவுன் போட்டார். டிராஃப்டில் கடைசிச் சுற்றுகளில் கிடைத்த ஆள் முதல் சுற்று விளைச்சல் தந்தார்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் கானருக்குக் கணுக்காலில் அடிபட்டு, 14, 15, 16ஆம் வாரங்களில் ஆடவில்லை. அப்போது பெரும்பாலான ஃபேண்டஸி லீக்குகளின் பிளே ஆஃப் நடந்ததே அந்த மூன்று வாரங்களில்தான். 15ஆவது வாரம் நியூ இங்கிலாந்துக்கு எதிராக ஜேலன் சாமுவேல்ஸ் என்ற மூன்றாம் ஆள் 142 யார்டு ஓடினார்.

அப்போ சம்பளத் தகராறுல இருக்கறவரை எடுக்கவே கூடாதா?

அப்படி இல்லை. பெரும்பாலானவர்கள் வந்துவிடுவார்கள், பெல் அரிது. மேலே சொன்ன இரண்டு வகைக்குத் திரும்பினால் படம் தெளிவாகும். முதல் வகையினருக்குப் புதிய ஒப்பந்தம் எந்த நாளும் வரலாம். டல்லாஸ் அணியின் எஸிக்கியல் எலியட் 2019இல் முகாம் முழுவதும் மெக்சிகோவில் இருந்தார். செப்டம்பர் 4 அன்று 6 ஆண்டு, 9 கோடி டாலர் நீட்டிப்பில் கையெழுத்திட்டு, முதல் ஆட்டத்திலேயே இறங்கி, அந்த சீசனில் 1,357 யார்டு ஓடினார். பயந்து ஒதுக்கியவர்கள் நல்ல ஆளை இழந்தார்கள்.

அதே ஆண்டு அதே வகையில் சார்ஜர்ஸ் அணியின் மெல்வின் கார்டனும் இருந்தார். அவருக்குப் புதிய ஒப்பந்தம் கிடைக்கவில்லை. நான்கு ஆட்டங்களை விட்டுவிட்டு வந்து 612 யார்டோடு முடித்தார். என்ன வித்தியாசம்? டல்லாஸின் தாக்குதலே எலியட்டைச் சுற்றிக் கட்டப்பட்டது. சார்ஜர்ஸிடம் ஆஸ்டின் எக்லர் இருந்தார், அந்த ஆண்டு 92 பந்துகளைப் பிடித்தார். மாற்று ஆள் கையில் இருக்கும் அணி விட்டுக்கொடுக்காது.

டேக் வகையில் ஜூலைக் கெடு கடந்தபின் வீரர் காத்திருப்பதால் பெரிய உயர்வு எதுவும் வராது. அதனால் வருமானத்தைப் பார்ப்பவர் வந்துவிடுவார். 2023இல் சேக்வான் பார்க்லி முகாம் தொடங்கும்போதே வந்தார். ஜோஷ் ஜேக்கப்ஸ் ஆகஸ்ட் கடைசியில் வந்தார். இருவருக்கும் டேக் தொகையில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். தன் உடலைக் காப்பாற்றிக்கொள்வதுதான் குறி என்றால் அந்த வீரர் வராமலே இருப்பார். பெல் அந்த முடிவை எடுத்தார்.

முகாமுக்கே வராதவர் சீசன் தொடங்கினதும் மந்தமா இருப்பாரா?

ஓரிரு வாரம் இருக்கலாம். பெல்லே 2017 முதல் ஆட்டத்தில் 10 ஓட்டங்களில் 32 யார்டுதான் எடுத்தார். அதன்பின் அவர் முடித்த சீசனை முதல் கேள்வியிலேயே பார்த்தீர்கள். 1993இல் எம்மிட் ஸ்மித் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு வராமல் இருந்தார், டல்லாஸ் இரண்டிலும் தோற்றது. அணி இறங்கிவந்து கையெழுத்து வாங்கியது. அந்த ஆண்டு ஓட்டத்தில் லீக் முதலிடமும் சீசனின் சிறந்த வீரர் விருதும் அவருக்கு, சாம்பியன் பட்டமான சூப்பர் பௌல் டல்லாஸுக்கு.

எதிர் உதாரணம் ஜேக்கப்ஸ். 2022இல் 1,653 யார்டோடு லீக்கில் முதலிடம், 2023இல் 805. அதை முழுக்க முகாம் கணக்கில் எழுத நான் தயாரில்லை. முந்தைய ஆண்டின் சுமையும், அணி முழுவதுமே தடுமாறியதும் அதில் உண்டு.

பேக்கப்பை எடுத்து வெச்சுக்கலாமா? எந்த ரவுண்டுல?

நட்சத்திரத்துக்குப் பதில் இறங்கக்கூடிய மாற்று ஆளை எடுக்கலாம். விலை மலிவாக இருக்கும்வரை. கானரைக் கடைசிச் சுற்றுகளில் எடுத்தவர்களுக்கு இழக்க எதுவும் இருக்கவில்லை. அதே ஆள் ஆறாம், ஏழாம் சுற்று விலைக்கு ஏறிவிட்டால் நான் விட்டுவிடுவேன். நட்சத்திரம் அடுத்த நாளே கையெழுத்துப் போட்டால் அந்த இடம் வீண். 2019இல் எலியட் வரமாட்டார் என்று நினைத்து அவருடைய மாற்று ஆள் டோனி பொலார்டை எடுத்தவர்களுக்கு அந்த சீசனில் கிடைத்தது 455 யார்டு.

பேக்கப் எவ்வளவு நல்லவர் என்பதைவிட அணி அவரை ஒற்றை ஆளாக ஓடவிடுமா என்பதைப் பாருங்கள். 2018 ஸ்டீலர்ஸ் அப்படி விட்டது. சில அணிகள் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிடும், அப்போது யாரை எடுத்தும் பயனில்லை.

காயம்னு லிஸ்ட்ல போட்டிருக்காங்க, ஆனா சம்பளப் பிரச்சினைன்னும் சொல்றாங்க. எதை நம்பறது?

இரண்டையும். 2023இல் இண்டியானாபொலிஸ் அணியின் ஜானதன் டெய்லர் கணுக்காலைக் காரணம் காட்டி ஆடமுடியாதோர் பட்டியலில் இருந்தார், கூடவே வேறு அணிக்கு மாற்றிவிடும்படியும் கேட்டிருந்தார். சீசன் தொடங்கும்போதும் அந்தப் பட்டியலில் இருந்தால் குறைந்தது நான்கு ஆட்டங்கள் போய்விடும். டிராஃப்டில் கணக்கிட வேண்டியது அந்த நான்கைத்தான், உண்மைக் காரணம் எதுவாக இருந்தாலும். அக்டோபர் 7 அன்று 3 ஆண்டு, 4.2 கோடி டாலருக்கு டெய்லர் கையெழுத்திட்டு மறுநாளே களம் இறங்கினார். அவருக்குப் பதில் ஆடிக்கொண்டிருந்த ஸாக் மாஸ் அந்த ஆட்டத்தில் 165 யார்டு ஓடினார். நட்சத்திரம் திரும்பிய நாளிலேயே பேக்கப்பைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு. உடனே லிஸ்ட்ல மேல ஏத்திடலாமா?

தொகையைப் பார்த்து ஏற்றாதீர்கள். அந்தப் பணம் அவர் இதுவரை ஓடியதற்கு வந்தது. கர்லி 2018 ஜூலையில் 5.75 கோடி டாலர் நீட்டிப்பு வாங்கினார். நீட்டித்த ஆண்டுகளில் ஓர் ஆட்டம்கூட ஆடும் முன்பே, 2020 மார்ச்சில் முழங்கால் பிரச்சினையோடு ராம்ஸ் அணி அவரை விடுவித்தது. கிறிஸ்டியன் மக்காஃப்ரி 2020இல் 6.4 கோடிக்குக் கையெழுத்திட்டபின் அந்த ஆண்டு 3 ஆட்டம், அடுத்த ஆண்டு 7 ஆட்டம். பெல் 2019இல் நியூயார்க் ஜெட்ஸுக்கு 4 ஆண்டு, 5.25 கோடிக்குப் போனார். அந்த முதல் ஆண்டில் ஓட்டத்துக்குச் சராசரி 3.2 யார்டு, மொத்தம் 789. அதே மனிதர்தான். முன்வரிசையும் அணியும் மாறியிருந்தன.

மாறிய இடம் நல்லதாக இருந்தால் எதிர்த்திசையிலும் நடக்கும். ஜயன்ட்ஸில் 2023இல் 962 யார்டு ஓடிய பார்க்லி, 2024 மார்ச்சில் 3 ஆண்டு, 3.775 கோடிக்கு ஃபிலடெல்ஃபியா போனார். அங்கே கோட்டருகே குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை எல்லாருமாகத் தள்ளியே டச்டவுன் எடுத்துவிடுவார்கள், பார்க்லிக்கு மிஞ்சாது என்று பலர் தயங்கினார்கள். தயக்கம் நியாயமானதே. ஆனால் லீக்கின் மிகச் சிறந்த முன்வரிசைகளில் ஒன்றின் பின்னால் அவர் 2,005 யார்டு ஓடினார், 13 முறை ஓடியே டச்டவுன் போட்டார். ஓர் ஒப்பந்தச் செய்தி வந்தால் முதலில் அந்த அணியின் முன்வரிசை ஐவர் யார் என்று தேடுங்கள்.

எங்க லீக் டிராஃப்ட் ஆகஸ்ட் நடுவுல. தேதியைத் தள்ளிப்போடச் சொல்லலாமா?

சொல்லுங்கள். முதல் ஆட்டத்துக்கு முந்தைய வார இறுதி சிறந்தது. எலியட் கையெழுத்திட்ட தேதியை மேலே பாருங்கள், ஆகஸ்ட் நடுவில் எடுத்தவர்கள் எல்லாரும் இருட்டில்தான் எடுத்தார்கள். தள்ள முடியாவிட்டால் சந்தேகத்தில் இருப்பவரை ஒன்றரைச் சுற்றாவது கீழே வைத்து எடுங்கள்.

சீசன் நடுவுல ஒருத்தர் ‘வராத’ நட்சத்திரத்தை மலிவா தர்றேங்கறார். வாங்கலாமா?

உங்கள் வெற்றி தோல்விக் கணக்கைப் பாருங்கள். 5-1 என்று முன்னணியில் இருந்தால், பெஞ்சில் ஓரிடத்தைச் சும்மா வைத்திருக்க உங்களால் முடியும். டெய்லர் மாதிரி ஒருவர் என்றால் டிசம்பரில் பலன் கிடைக்கும். 1-5 என்றால் இப்போதே ஆடும் ஆள்தான் வேண்டும். காயமடைந்தோருக்கான தனி இடத்தில் அவரை வைக்க முடியுமா என்றும் லீக் நடத்துபவரிடம் முன்பே கேளுங்கள். சம்பளத் தகராறு காயம் ஆகாது.

கையெழுத்திடாத டேக் வீரர் என்றால் பத்தாவது வார ஆட்டங்களுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். 2018இல் நவம்பர் 13 அதுதான். ‘இந்த வாரம் வருவார்’ என்ற செய்தியை நம்பி அக்டோபரில் பெல்லை வாங்கியவர்களுக்குக் கடைசிவரை ஒரு புள்ளிகூட வரவில்லை.

டைனஸ்டி லீக்ல வருஷா வருஷம் அதே ஆளை வெச்சிருக்கோம். நாலு வருஷ ஒப்பந்தம்னா நாலு வருஷம் நிம்மதியா?

ஒப்பந்த நீளத்தை நம்ப வேண்டாம். என்.எஃப்.எல்.லில் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உறுதிசெய்யப்பட்ட தொகை முதல் இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடும், அதன்பின் அணி விடுவித்தால் செலவு குறைவு. எலியட்டின் 6 ஆண்டு நீட்டிப்பு 2026வரை எழுதப்பட்டது, டல்லாஸ் 2023 மார்ச்சில் விடுவித்தது. பெல்லின் 4 ஆண்டை ஜெட்ஸ் 2020 அக்டோபரிலேயே முடித்துக்கொண்டது.

ஆகவே உறுதித்தொகை எந்த ஆண்டுவரை என்று பார்த்து, அதற்கு ஓராண்டு முன்பே வேறொருவரிடம் மாற்றிவிடப் பேசத் தொடங்குங்கள். 2025 மார்ச்சில் பார்க்லிக்கு 2 ஆண்டு, 4.12 கோடி நீட்டிப்பு கிடைத்தது, அதில் 3.6 கோடி உறுதித்தொகை. ஆண்டுக்கு 2 கோடி டாலரைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் அவர். அப்போது அவருக்கு வயது 28, முந்தைய சீசனில் 345 ஓட்டம், பிளே ஆஃப் சுமை தனி. அந்த உச்சத்தில் விற்பதற்கு ஆள் கிடைத்திருந்தால் நான் விற்றிருப்பேன்.